கார்ல ஹேண்ட்ஸ்ஃப்ரீ கால் கிளியரா கேக்கணுமா? மைக் பத்தி ஒரு முழு வழிகாட்டி (கடலூர், பாண்டி ரோட்டுல ஓட்டுறவங்களுக்காக)

கார்ல போன் பேசுறதுல ஒரு வினோதம் இருக்கு. மைக் சரியில்லன்னா அது கார்ல இருக்கறவனுக்குத் தெரியவே தெரியாது. எதிர்ல பேசுறவங்க குரல் நாலு ஸ்பீக்கர்லயும் கணீர்னு கேக்கும், நம்மளும் எல்லாம் நல்லாத்தான் இருக்குன்னு நெனச்சுக்கிட்டு பேசிட்டே போவோம், அந்தப் பக்கம் இருக்கற ஆளுதான் "ஆங்? என்னது? திரும்பச் சொல்லுங்க"ன்னு போனை காதுல அழுத்திப் புடிச்சுக்கிட்டு கஷ்டப்படுவாரு. மஞ்சக்குப்பத்துல சொந்தக்காரர் ஒருத்தர் கார் ஸ்டீரியோ மாட்டுற கடை வச்சிருக்காரு, சாயங்காலத்துல நானும் கூடமாட நிப்பேன். அங்க வர்றவங்க பாதிப் பேரு சொல்றது ஒண்ணுதான்: "அண்ணே, எனக்கு நல்லாக் கேக்குது, என் வீட்டம்மாவுக்குத்தான் கேக்கலையாம், நல்ல மைக்கா ஒண்ணு போட்டு வுடுங்க."

நல்ல மைக் போடலாம், தப்பில்ல. ஆனா பெரும்பாலும் பிரச்சனை மைக்கோட தரத்துல இல்ல, அது எங்க உக்காந்திருக்கு, அது மேல என்ன காத்து அடிக்குது, ஸ்பீக்கர் எவ்ளோ அலறுதுங்கறதுல இருக்கு. அதனால இந்த வரிசையிலயே பாத்துட்டு வாங்க, காசு செலவாகுற ஸ்டெப் எல்லாம் கடைசியிலதான் வரும்.

ஸ்டெப் 1: எதிர்ல இருக்கறவர் என்ன சொல்றாருன்னு சரியாக் கேளுங்க

"கேக்கல"ன்னு பொதுவா சொன்னா ஒண்ணும் கண்டுபிடிக்க முடியாது. எப்படிக் கேக்கலன்னு கேளுங்க. "எங்கயோ கிணத்தடியில இருந்து பேசுற மாதிரி இருக்கு"ன்னா மைக் வாய்க்கு ரொம்ப தூரம். "நான் பேசுறது எனக்கே திரும்பி வருது"ன்னா அது எக்கோ, அதுக்கு வைத்தியம் வேற. "ஒரே இரைச்சலா இருக்கு"ன்னா ஏசி காத்து, கண்ணாடி, ரோடு. "வார்த்தை பாதி பாதியா முழுங்குது, ரோபோ மாதிரி இருக்கு"ன்னா ஒண்ணு நெட்வொர்க், இல்ல சத்தத்தைக் குறைக்கற சாஃப்ட்வேர் அளவுக்கு மீறி வேலை பாக்குது. "ஊய்ங்னு ஒரு சவுண்டு, நீங்க ஆக்சிலேட்டர் மிதிச்சா அதுவும் ஏறுது"ன்னா மைக்கை விட்டுட்டு ஒயரையும் எர்த்தையும் பாருங்க.

இதை நீங்களே காதால கேக்கணும்னா வீட்ல ஒருத்தர்கிட்ட இன்னொரு போனைக் குடுத்து, அவங்க சம்மதத்தோட ரெக்கார்ட் போடச் சொல்லுங்க. வாட்ஸப் வாய்ஸ் மெசேஜ் அனுப்பி டெஸ்ட் பண்றது வேலைக்கு ஆகாது, ஏன்னா அது கார் மைக்ல பதிவாகுதா போன் மைக்ல பதிவாகுதான்னு நமக்குத் தெரியாது. கால்தான் போடணும்.

டெஸ்டுக்கு "ஹலோ ஹலோ மைக் டெஸ்டிங்" வேணாம். ஸ, ஷ, ஃப மாதிரி சத்தம் நிறைய வர்ற வாக்கியமா சொல்லுங்க, "பஸ் ஸ்டாண்டுல சரஸ்வதி அக்காவைப் பாத்துட்டு ஃபைலோட பாஸ்போர்ட் ஆபீஸ் போகணும்"ங்கற மாதிரி. இந்த எழுத்துங்க எல்லாம் உயர்ந்த அதிர்வெண்ல இருக்கறதால மைக்கோ ப்ளூடூத்தோ மட்டமா இருந்தா முதல்ல அடிபடுறது இதுங்கதான்.

அதே வாக்கியத்தை இன்ஜின் ஆஃப்ல, கண்ணாடி ஏத்திவிட்டு ஒரு தடவை சொல்லுங்க. அப்புறம் இன்ஜின் ஆன் பண்ணி ஏசி இல்லாம. அப்புறம் ஏசி ஃபேனை ஃபுல்லா வச்சு. கடைசியா ஓடுற கார்ல, அதுக்கு வேற யாராவது ஓட்டட்டும், நீங்க பக்கத்து சீட்ல உக்காந்து கவனிங்க, பேசுறது டிரைவர்தான், ஏன்னா மைக் பாத்துக்கிட்டு இருக்கறது அவரைத்தான். நம்ம ஊர்ல இதுக்கு ஆல்பேட்டை தாண்டி பாண்டி போற ரோடே போதும். கிருமாம்பாக்கம் பக்கம் வேகமாப் போற இடத்துல ரோட்டுச் சத்தம் கிடைக்கும், அரியாங்குப்பம், முதலியார்பேட்டை நெரிசல்ல பிரைவேட் பஸ் ஏர் ஹாரன் கிடைக்கும், ரெண்டும் ஒரே ட்ரிப்ல முடிஞ்சிடும்.

இன்ஜின் ஆஃப்லயே மோசமா இருந்தா மைக், செட்டிங்ஸ், ப்ளூடூத் இதுல ஏதோ ஒண்ணு. நின்னா நல்லா இருந்து ஓடுனா மோசம்னா இரைச்சல். இன்னொண்ணும் பண்ணிப் பாருங்க, அதே இடத்துல காரை நிறுத்திட்டு ப்ளூடூத்தை ஆஃப் பண்ணி நேரா போன்லயே பேசுங்க. அப்பவும் உடைஞ்சு உடைஞ்சு கேட்டா கார் மேல பழி போடாதீங்க, சிக்னல்தான்.

ஸ்டெப் 2: உங்க மைக் எங்க இருக்குன்னு தெரியுமா?

நிறைய பேருக்குத் தெரியாது. கம்பெனிலயே வந்த சிஸ்டம்னா பெரும்பாலும் மேல, ரூம் லைட் பக்கத்துல சின்னச் சின்ன ஓட்டையோ கோடு கோடா வெட்டுன மாதிரியோ இருக்கும், சில கார்ல ரியர் வியூ மிரர்கிட்ட, சில கார்ல ஸ்டீயரிங் பின்னாடி. வெளில வாங்கிப் போட்ட டச் ஸ்கிரீன் ஸ்டீரியோன்னா முகப்புலயே குண்டூசி ஓட்டை மாதிரி ஒண்ணு இருக்கும், பக்கத்துல மைக்னு போட்டிருக்கும். இதுதான் வில்லன். டேஷ்போர்டு நடுவுல, உங்க வாயில இருந்து முக்கால் மீட்டருக்கும் மேல தள்ளி, ஏசி வென்ட்டுக்குப் பக்கத்துல, ஸ்பீக்கருக்கும் பக்கத்துல. ஒரு மைக்கை எங்க வைக்கக் கூடாதோ அங்கயே வச்சிருக்காங்க.

தூரம் ஏன் இவ்ளோ முக்கியம்னா, தூரம் பாதியானா உங்க குரல் மைக்குக்கு 6 டெசிபல் (சத்தத்தோட அளவு) கூடுதலாப் போகும். 80 சென்டிமீட்டர்ல இருக்கற மைக்கை 40க்கு கொண்டு வந்தா 6 டெசிபல். ஆனா கார் உள்ள நிறைஞ்சு கிடக்கற இரைச்சல் ரெண்டு இடத்துலயும் ஏறக்குறைய ஒரே அளவுதான், அப்ப குரலுக்கும் இரைச்சலுக்கும் இருக்கற வித்தியாசத்துல அந்த 6 டெசிபலும் லாபம். இதையே செட்டிங்ஸ்ல போய் மைக் கெய்ன், அதாவது மைக் சிக்னலைப் பெருசாக்குற அளவை ஏத்துனீங்கன்னா குரலும் ஏறும், கூடவே இரைச்சலும் ஏறும், வித்தியாசம் அப்படியே நிக்கும். காசு குடுத்து வாங்குற எந்த சாஃப்ட்வேரும் இந்தத் தூரத்தோட போட்டி போட முடியாது.

ஸ்டெப் 3: காத்தும் தூசியும்

மைக்கால தாங்கவே முடியாதது காத்து. சத்தம் வேற, காத்து நேரா மைக் மேல மோதுறது வேற. மோதுனா "புர்ர்"னு அடியில இருந்து ஒரு முழக்கம் கிளம்பும், அது குரலை அப்படியே அமுக்கிடும். ஏசியில கண்ணாடிப் பனி எடுக்கற மோடு போட்டீங்கன்னா காத்து முன் கண்ணாடி மேல ஏறி நேரா மேல இருக்கற மைக்குக்குப் போய் சேரும். ஐப்பசி, கார்த்திகை மழையில எல்லாரும் இதைத்தான் போட்டுக்கிட்டு ஓட்டுறோம், அப்பதான் "மழைக்காலத்துல மட்டும் மைக் சரியில்ல"ன்னு கம்ப்ளெயின்ட் வரும். கால் வந்தா ஃபேன் ஸ்பீடை ஒண்ணு ரெண்டு பாயின்ட் குறைங்க, நடு வென்ட்டை மைக் பாக்காத பக்கம் திருப்புங்க. கண்ணாடியை ஏத்துங்க, பின் சீட்டுக் கண்ணாடி கால்வாசி திறந்திருந்தாலும் போதும், எல்லாம் கெட்டுச்சு. சில புது கார்ல கால் வந்தா ஃபேனை அதுவே குறைக்கும், அது சும்மா ஃபேஷனுக்கு இல்ல.

அப்புறம் மைக் ஓட்டையை டார்ச் அடிச்சுப் பாருங்க. வாட்டர் வாஷ் குடுத்தா பையன் டேஷ்போர்டு பாலிஷை எல்லா இடத்துலயும் புஸ் புஸ்னு அடிச்சுத் துடைச்சு விட்டிருப்பான், அந்தப் பாலிஷ் ஓட்டையில இறங்கி, அது மேல தூசி ஒட்டி, ஒரு படலமாவே நிக்கும். காஞ்ச மெல்லிய பிரஷ்ஷால மேலாப்புல தட்டி எடுங்க. ஊசி விட்டுக் குத்தாதீங்க, பஞ்சர் கடை ஏர் பைப்பை வச்சு ஊதவும் ஊதாதீங்க, உள்ள இருக்கற மெல்லிய தகடு கிழிஞ்சா முடிஞ்சது கதை. இனிமே வாஷ் குடுக்கும்போது "தம்பி, இங்க ஸ்ப்ரே வேணாம், துணியில அடிச்சுத் துடை"ன்னு சொல்லிடுங்க.

ஸ்டெப் 4: ப்ளூடூத்தும் செட்டிங்ஸும்

பாட்டு அவ்ளோ நல்லா கேக்குதே, கால் மட்டும் ஏன் பழைய ரேடியோ மாதிரி இருக்குன்னு கேப்பாங்க. ரெண்டும் வேற வேற பாதை. பாட்டு ஒரு பக்கமா மட்டும் போற நல்ல தரமான பாதையில போகுது. கால்னா போகவும் வேணும் வரவும் வேணும், அதுக்கு ஹேண்ட்ஸ்ஃப்ரீ ப்ரொஃபைல்னு தனிப் பாதை. அதோட பழைய முறையில குரலை வினாடிக்கு 8,000 தடவைதான் மாதிரி எடுக்கும், அதுல கிட்டத்தட்ட 300ல இருந்து 3,400 ஹெர்ட்ஸ் வரைக்கும்தான் குரல் போகும், ஸவும் ஃபவும் அங்கயே செத்துடும். 2011ல வந்த 1.6 வெர்ஷன்ல இருந்து வைட்பேண்ட்னு அகலமான குரல் பாதை வந்துச்சு, அதுல 16,000 தடவை, குரல் 7,000 ஹெர்ட்ஸ் வரைக்கும் போகும். 1.9 வெர்ஷன்ல எல்சி3ன்னு புது கோடெக் (குரலைச் சுருக்கி அனுப்புற முறை) வந்து அதுக்கும் மேல போயிட்டாங்க. உங்க போன் வோல்ட்டில (4ஜி வழியாவே கால் போற முறை) எச்டி வாய்ஸ்ல பேசுனாலும் ஸ்டீரியோ பழைய முறைதான்னா, குரல் கார்லயே குறைஞ்சுதான் கிளம்பும். அதனால புதுசா ஸ்டீரியோ வாங்கும்போது ஸ்கிரீன் எத்தனை இன்ச்னு கேக்கறதோட "வைட்பேண்ட் ஸ்பீச், எச்டி வாய்ஸ் வருமா"ன்னும் கேளுங்க. கடைக்காரர் முழிச்சா அட்டைப் பெட்டியில, மேனுவல்ல பாருங்க. இன்னொரு விஷயம், ஆண்ட்ராய்டு ஆட்டோவுல ஒயர் போட்டு ஓட்டுனாலும் கால் ஆடியோ ப்ளூடூத் வழியாத்தான் போகுது, கேபிளை மாத்துறதால கால் தரம் மாறாது.

இப்ப செய்ய வேண்டியது. போன்லயும் கார்லயும் ரெண்டு பக்கமும் பேரிங்கை (ப்ளூடூத் இணைப்பு) அழிச்சுட்டு புதுசா சேருங்க. ஒரே நேரத்துல ரெண்டு போன் கனெக்ட் ஆகியிருந்தா ஒண்ணைக் கழட்டிப் பாருங்க. ஸ்டீரியோவுக்கு அப்டேட் இருந்தா போடுங்க. செட்டிங்ஸ்ல மைக் கெய்ன் இருந்தா நடுவுல வச்சு ஆரம்பிங்க, ஃபுல்லா வச்சா நீங்க சத்தமாப் பேசும்போது குரல் கரகரன்னு உடையும். வெளி மைக் மாட்டியிருந்தா உள் மைக், வெளி மைக்னு தேர்ந்தெடுக்கற இடம் சில செட்ல தனியா இருக்கும், புது மைக்கைக் குத்திட்டு இதை மாத்தாமலே "மைக் வேஸ்ட்டு"ன்னு திருப்பிக் கொண்டு வர்றவங்க உண்டு. எந்த மைக் வேலை செய்யுதுன்னு தெரிய ஒரு வழி: கால்ல இருக்கும்போது ஸ்டீரியோ முகப்பு ஓட்டையை நகத்தால லேசா சுரண்டுங்க, அப்புறம் வெளி மைக்கைச் சுரண்டுங்க. எதைச் சுரண்டும்போது எதிர்ல இருக்கறவர் "ஏய், காது!"ன்னு கத்துறாரோ அதுதான்.

குரல் தண்ணிக்குள்ள இருந்து வர்ற மாதிரி முழுங்குதுன்னா நாய்ஸ் ரிடக்ஷனை ஒரு படி குறைச்சுப் பாருங்க. ஸ்டீரியோ ஒரு தடவை இரைச்சலைச் சுத்தம் பண்ணும், போனும் தன் பங்குக்கு இன்னொரு தடவை பண்ணும், ரெண்டு பேரும் சேந்து குரலையும் சேத்து வழிச்சுடுவாங்க. முறைப்படி "எக்கோ, நாய்ஸ் வேலையை நான் பாத்துக்கறேன், நீ உன்னோடதை நிறுத்திக்கோ"ன்னு ஸ்டீரியோ போன்கிட்ட சொல்றதுக்கு ப்ளூடூத்துலயே ஒரு கட்டளை இருக்கு. அதை அனுப்பாத மட்டமான செட்டும் இருக்கு, அனுப்புனாலும் கண்டுக்காத போனும் இருக்கு. ஒரு போன்ல நல்லாவும் இன்னொரு போன்ல மோசமாவும் கேக்கறதுக்கு இது ஒரு காரணம்.

ஸ்டெப் 5: எக்கோ

எதிர்ல இருக்கறவருக்கு அவர் குரல் அவருக்கே கேக்குதுன்னா குத்தம் நம்ம கார்ல. அவர் குரல் நம்ம ஸ்பீக்கர்ல வந்து, கண்ணாடியில அடிச்சு, நம்ம மைக்ல நுழைஞ்சு, திரும்ப அவருக்கே போகுது. இதைத் தடுக்க ஸ்டீரியோவுக்குள்ள ஒரு ஃபில்டர் ஓடும். ஸ்பீக்கருக்கு என்ன அனுப்புனோம்னு அதுக்குத் தெரியும், அது கார் உள்ள சுத்தி மைக்குக்கு எப்படி வந்து சேரும்னு கணக்குப் போட்டு, அதை மட்டும் மைக் சிக்னல்ல இருந்து கழிச்சுடும். கணக்கு எங்க தப்பும்னா, ஸ்பீக்கர் அதிகச் சத்தத்துல கரகரன்னு உடையும்போது. உடைஞ்ச சத்தம் இதோட கணக்குலயே இல்ல, அதனால கழிக்க முடியாது. ஆக முதல் வைத்தியம் கால் வால்யூமைக் குறைக்கறது. பாட்டு வால்யூம் வேற கால் வால்யூம் வேற, கால்ல இருக்கும்போதுதான் குறைக்கணும்.

ஆம்ப்ளிஃபயர், சப் வூஃபர்னு ஏத்தி வச்சிருக்கற நம்ம பசங்களுக்கு இது கூடுதலா பொருந்தும். ஸ்டீரியோவுக்கு வெளியில நீங்க மாட்டுன ஆம்ப் என்ன கூட்டுது, என்ன லேட் பண்ணுதுன்னு உள்ள இருக்கற ஃபில்டருக்குத் தெரியாது. ஆம்ப் கெய்னை இறக்கிட்டு ஸ்டீரியோ வால்யூமை ஏத்தி வையுங்க, கால் சத்தத்தை முன் ஸ்பீக்கருக்கு மட்டும் விட வழி இருந்தா விடுங்க, பின் டெக்ல இருக்கற பெரிய ஓவல் ஸ்பீக்கர்ல மாமியார் குரல் பேஸோட வந்து என்ன ஆகப் போகுது.

ரெண்டு பேரும் ஒரே நேரத்துல பேசும்போது குரல் வெட்டு வெட்டா போகும், அது கொஞ்சம் இருக்கத்தான் செய்யும். ஃபில்டர் திணறுற இடம் அது. ஒருத்தர் முடிச்சப்புறம் ஒருத்தர் பேசுங்க.

ஸ்டெப் 6: வெளி மைக் வாங்குறதுன்னா

இவ்ளோ பண்ணியும் சரியாகல, ஸ்டீரியோ பின்னாடி மைக் ஜாக் இருக்கு, அப்ப வாங்கலாம். கம்பெனிலயே வந்த சிஸ்டம்னா மட்டும் கொஞ்சம் நில்லுங்க. கார் கம்பெனிங்க ஐடியூங்கற சர்வதேசத் தொலைத்தொடர்பு அமைப்போட பி.1100, பி.1110, பி.1120ன்னு பரிந்துரைகளை வச்சு, டிரைவர் சீட்ல செயற்கைத் தலை ஒண்ணை உக்கார வச்சு அதைப் பேச வச்சு டெஸ்ட் பண்ணுவாங்க. அந்த மைக், அந்த இடம், அந்த சாஃப்ட்வேர் மூணும் சேத்து டியூன் பண்ணது. அதைப் புடுங்கிட்டு வேற மைக் போட்டா பெரும்பாலும் மோசமாகும். வாரன்டி இருந்தா சர்வீஸ் சென்டர்ல அதே பார்ட்டைக் கேளுங்க, ஒயரை வெட்ட விடாதீங்க.

கடையில கிடைக்கறது பெரும்பாலும் எலெக்ட்ரெட் மைக். 1962ல பெல் லேப்ஸ்ல கெர்ஹார்ட் செஸ்லர், ஜேம்ஸ் வெஸ்ட்னு ரெண்டு பேர் கண்டுபிடிச்ச சரக்கு, இன்னிக்கும் ஓடுது. போன்ல இருக்கறது அதோட சின்னத் தம்பி, சிலிக்கான்ல செதுக்குன மெம்ஸ் மைக். எலெக்ட்ரெட்டுக்கு ஸ்டீரியோ ஜாக்ல இருந்து கொஞ்சம் கரண்ட் வேணும், அதனால ஆக்ஸ் ஜாக்ல (வெளில இருந்து பாட்டு குடுக்கற ஓட்டை) குத்துனா ஒண்ணும் வராது, மைக் ஜாக்லதான் குத்தணும். பெரும்பாலும் 3.5 மில்லிமீட்டர் பின், சில செட்ல 2.5. போன் ஹெட்செட் மைக்கோட நாலு வளைய பின் இதுக்கு ஒத்து வராது. பழைய பின்னைக் கையோட கொண்டு போய் காட்டி வாங்குங்க.

எல்லாத் திசையிலயும் கேக்கற மைக், ஒரு திசையில மட்டும் கேக்கற மைக்னு ரெண்டு உண்டு. கார்க்கு ஒரு திசை மைக் நல்லது, ஆனா ரெண்டு நிபந்தனை. முகம் உங்க வாயைப் பாக்கணும். அப்புறம் பின் பக்கத்து ஓட்டையை அடைக்கவே கூடாது, ஏன்னா பின்னாடி இருந்து வர்ற சத்தத்தை அந்த ஓட்டை வழியா உள்ள விட்டுத்தான் அது கழிக்குது. டபுள் டேப் போட்டு பின்னாடி முழுசா ஒட்டிட்டீங்கன்னா அது எல்லாத் திசை மைக்காவே மாறிடும், கூடக் குடுத்த காசு வீண்.

ரெண்டு மைக் இருக்கற மாடல் வாங்கலாமான்னு கேப்பீங்க. ரெண்டு மைக்கும் 2 சென்டிமீட்டர் தள்ளி இருந்தா, அந்த ரெண்டுக்கும் நேர் வரிசையில வர்ற சத்தம் ஒண்ணுல விழுந்து சுமார் 58 மைக்ரோசெகண்ட் கழிச்சு அடுத்ததுல விழும். பக்கவாட்டுல நட்ட நடுவுல இருந்து வந்தா ரெண்டுலயும் ஒரே நேரம். இந்த வித்தியாசத்தை வச்சு டிரைவர் பக்கம் இருந்து வர்றதை மட்டும் கூட்டி மத்ததைக் குறைக்கறதுதான் பீம்ஃபார்மிங். ஆனா அந்தக் கணக்கைப் போட ஸ்டீரியோவுல மூளை இருக்கணும். ஒத்த மைக் ஜாக் இருக்கற செட்ல ரெண்டு மைக் குத்தி ஒண்ணும் ஆகாது, மைக்குக்குள்ளயே அந்த சிப் இருந்தாத்தான் உண்டு. "ஏஐ நாய்ஸ் கேன்சல்"னு பெட்டியில போட்டிருக்கறதை மட்டும் நம்பி வாங்காதீங்க. ஃபேன், டயர் மாதிரி ஒரே சீரா ஓடுற சத்தத்தைக் குறைக்கறது சுலபம், திடீர்னு அடிக்கற ஹாரனும் பின் சீட்ல சண்டை போடுற புள்ளைங்க குரலும்தான் கஷ்டம்.

நுரைத் தொப்பி போட்ட மைக்கா, ஒயர் ஒரு 3 மீட்டராவது இருக்கறதா பாருங்க. அவ்ளோதான் பெரிய விஷயம்.

ஸ்டெப் 7: மாட்டுறது

நல்ல இடங்கள் மூணு. மேல ரூம் லைட் பக்கத்துல டிரைவர் ஓரமா, என் ஓட்டு இதுக்குத்தான், வாய்க்கு சுமார் அரை மீட்டருக்குள்ள வரும், வென்ட்டுக்குத் தூரம். ரெண்டாவது டிரைவர் பக்க முன் தூண் மேல் பாதி, ஒயர் ஓட்டச் சுலபம், ஆனா கண்ணாடி ஓரத்துக் காத்துச் சத்தம் கொஞ்சம் ஏறும். மூணாவது ஸ்டீயரிங் தண்டு மேல, மீட்டருக்கு முன்னாடி, கிட்டத்துல இருக்கும் ஆனா இன்டிகேட்டர் டக் டக், கை மறைக்கறது, வென்ட் காத்து எல்லாம் சேரும். சன் வைசர்ல கிளிப் போடுறது எனக்குப் புடிக்காது, வெயிலுக்கு இறக்குனா மைக் கண்ணாடியைப் பாத்துக்கிட்டு நிக்கும். சாயங்காலம் மேற்க விழுப்புரம் ரோட்டுல போறவங்க வைசரை இறக்காம ஓட்ட முடியுமா.

ஒட்டுறதுக்கு முன்னாடி டேப் போட்டு தற்காலிகமா வச்சு, ஸ்டெப் 1 வாக்கியத்தை மறுபடி சொல்லி ரெக்கார்ட் கேளுங்க. இடத்தை முடிவு பண்ணப்புறம்தான் ஒயர்.

ஒயர் ஓட்டும்போது முன் தூண் பிளாஸ்டிக்ல எஸ்ஆர்எஸ் ஏர்பேக்னு எழுதியிருந்தா ஜாக்கிரதை. உள்ள கர்ட்டன் ஏர்பேக் இருக்கு. ஒயர் அதுக்கு முன்னாடி குறுக்கால போகவே கூடாது, பின்னாடி ஏற்கனவே இருக்கற ஒயர் கட்டோடதான் போகணும். ஏர்பேக் விரியும்போது ஒயரும் மைக்கும் மூஞ்சிக்கு வரும். பழக்கம் இல்லன்னா இந்த ஒரு வேலையைத் தெரிஞ்சவங்ககிட்ட விட்டுடுங்க, ஏர்பேக் இல்லாத தூண்னா நீங்களே பண்ணலாம், கதவு ரப்பரை இழுத்துட்டு உள்ள தள்ளுனா முடிஞ்சது.

மைக் ஒயரை ஆம்ப் பவர் கேபிளோட சேத்துக் கட்டாதீங்க. அந்த "ஊய்ங்" சத்தம் ஆல்டர்னேட்டர்ல (இன்ஜின்ல கரண்ட் தயாரிக்கற பார்ட்) இருந்து வருது, பவர் ஒயர் பக்கத்துல ஓடுனாலோ ஸ்டீரியோ எர்த் சரியா புடிக்கலன்னாலோ மைக்ல ஏறிடும். மிச்ச ஒயரை வட்டமாச் சுருட்டி ஸ்டீரியோ பின்னாடி திணிக்கறதும் வேணாம், நீளவாக்குல மடிச்சுக் கட்டுங்க.

நம்ம ஊருக்குன்னே ஒரு விஷயம், உப்புக் காத்து. தேவனாம்பட்டினம், தாழங்குடா, பாண்டி பீச் ரோட்டுப் பக்கம் ராத்திரி பகலா வண்டி நிக்கறவங்களுக்கு ஜாக்ல பச்சை பூத்துடும். குரல் திடீர்னு வரும், திடீர்னு போகும், மேடு பள்ளத்துல ஏறி இறங்குனா கரகரன்னும். ஸ்டீரியோவைக் கழட்டி பின்னை உருவி, கான்டாக்ட் கிளீனர் லேசா அடிச்சு நாலஞ்சு தடவை குத்தி எடுத்தா பெரும்பாலும் சரியாயிடும். மைக் மேல மட்டும் அடிக்காதீங்க. புது மைக் வாங்க வர்றவங்கள்ல சில பேரு இதோடயே திரும்பிப் போயிடுறாங்க.

பழைய வண்டி, ஸ்டீரியோவே பழசுன்னா

லைட்டர் சாக்கெட்ல குத்தற எஃப்எம் டிரான்ஸ்மிட்டரை நிறைய பேர் வாங்குறாங்க. பாட்டுக்கு சரி. காலுக்கு வேணாம். மைக் கியர்கிட்ட முழங்கால் உயரத்துல கிடக்கு, அதோட அது அனுப்புற குரல் ரேடியோ வழியாப் போய் ஸ்பீக்கர்ல வருது, நீங்க ரேடியோ வால்யூமைத் திருப்புறது அதுக்குத் தெரியாது, எக்கோ கணக்கு ஒவ்வொரு தடவையும் தப்பிப் போகும்.

இதுக்கு பதிலா போனை டேஷ்போர்டு ஸ்டாண்டுல வச்சு போனோட ஸ்பீக்கர்லயே பேசுங்க. இப்ப வர்ற போன்ல ரெண்டு மூணு மைக்கும் நல்ல எக்கோ ஃபில்டரும் இருக்கு, மட்டமான ஸ்டீரியோவை விட இதுவே தேவலை. ப்ளூடூத் ஸ்டீரியோ இருந்து அதோட மைக் மட்டும் மோசம்னாலும் இந்த வழி உதவும்: ஆண்ட்ராய்டு போன்ல ப்ளூடூத் லிஸ்ட்ல கார் பேருக்குப் பக்கத்துல இருக்கற செட்டிங்கைத் திறந்து, கால் ஆடியோவை மட்டும் ஆஃப் பண்ணிட்டு மீடியா ஆடியோவை விட்டுடுங்க. பாட்டு கார்ல, கால் போன்ல. பைசா செலவில்ல. டாக்ஸி ஓட்டுற அண்ணன் ஒருத்தருக்கு இதைப் பண்ணி விட்டதோட அவரு மைக் வாங்குற யோசனையையே விட்டுட்டாரு, கடைக்காரருக்குத்தான் என் மேல வருத்தம்.

நாள் பூரா வண்டியில இருக்கறவங்களுக்கு, லாரி டிரைவருங்க போடுற மாதிரி வாய்க்கிட்ட குச்சி நீட்டுன ஒத்தக் காது ஹெட்செட்தான் எல்லாத்தையும் தூக்கிச் சாப்பிடும். தூரம் சில சென்டிமீட்டர்தானே. இன்னொரு காது ரோட்டுக்குத் திறந்திருக்கும்.

பேசும்போது

கத்தாதீங்க, மைக்ல குரல் கரகரன்னு உடையுது. மைக்கைத் தேடித் தலையைத் திருப்பவும் வேணாம், ரோட்டைப் பாத்தே பேசுங்க, அந்தத் திசைக்குத்தான் மைக்கை வச்சிருக்கோம். போனைக் கையில புடிச்சுப் பேசுறது 2019 திருத்தத்துக்கு அப்புறம் மோட்டார் வாகனச் சட்டம் 184வது பிரிவுல ஆபத்தா ஓட்டுற குத்தமாவே சேருது, முதல் தடவைக்கே அபராதம் 1,000ல இருந்து 5,000 ரூபாய், ஜெயிலுக்கும் அதுல இடம் இருக்கு. ஹேண்ட்ஸ்ஃப்ரீன்னா கை ஃப்ரீ, மனசு ஃப்ரீ இல்ல, சண்டை போடுற கால், கணக்குப் பேசுற கால் எல்லாத்துக்கும் ஓரமா நிறுத்துங்க. வடகிழக்குப் பருவமழை தகரத்துல கொட்டும்போது எந்த மைக் போட்டாலும் எதிர்ல இருக்கறவருக்கு மழைதான் கேக்கும், "நின்னதும் கூப்பிடுறேன்"னு சொல்லி வச்சுடுங்க.